கோட்டுக்குள் ஓடிய வண்டி

நாள் முழுக்கக் கார் ஓட்டினாலும் அவள் ஓரடிகூட நகர்ந்ததில்லை. சோதனைக் கூடத்தில் கார் ஓட்டுவதுதான் அவள் வேலை. தரையில் பதித்த பெரிய இரும்பு உருளைகள்மேல் வண்டியின் சக்கரங்கள் நிற்கும். முன்னும் பின்னும் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். எதிரே ஆள் உயரக் காற்றாடி ஒன்று இரைந்துகொண்டிருக்கும். பக்கத்துத் திரையில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக வந்துகொண்டே இருக்கும். எந்த நொடியில் எவ்வளவு வேகம் என்று சொல்கிற கோடு அது. அதற்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. வண்டியின் வேகத்தைக் காட்டும் புள்ளி அந்த இரண்டையும் தாண்டக் கூடாது. தாண்டினால் சோதனை செல்லாது. ஓடி முடித்ததும், புகைக்குழாயிலிருந்து பைகளில் பிடித்து வைத்த புகையை வைத்து, வண்டி எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று கணக்குப் போடுவார்கள்.

பார்க்க எளிதான வேலை. ஆனால் காலில் பதம் வேண்டும். அவள் மிதிக்கிறாளா எடுக்கிறாளா என்றே வெளியிலிருந்து தெரியாது. அதனால் கூடத்தில் எல்லோரும் அவளைப் 'பூனை' என்று கூப்பிட்டார்கள். கூட வேலை பார்த்த இன்னொரு ஓட்டுநருக்குப் பெயர் 'சுத்தியல்'. அவரும் கோட்டுக்குள்தான் இருப்பார். ஆனால் ஒவ்வொரு மிதியும் ஆணி அடிக்கிற மாதிரி விழும். "நான் ஓட்டினா வண்டிக்கே பல்லு ஆடும்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் ஒரு கார் கம்பெனியில், வேகக் கார் செய்யும் சின்னப் பிரிவுக்குத் தலைவர். அங்கே மொத்தமே ஒரு கொட்டகைதான், ஒரு வண்டிதான். முதல் தடவை கிளப்பும்போது எஞ்சின் அடம் பிடித்ததால் அதற்குச் 'சண்டி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆறு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், மிதித்தால் முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும் இழுவை. விற்பது கொஞ்சம்தான். ஆனால் வாங்கியவர்கள் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அண்ணனுக்குப் போன் செய்து, அடுத்த சண்டி எப்போது வரும் என்று கேட்காமல் விடமாட்டார்.

அடுத்த சண்டி வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. அரசாங்கம் எரிபொருள் விதியை இறுக்கிவிட்டது. ஒரு கம்பெனி விற்கும் எல்லா வண்டிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அது ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். மீறினால் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் அபராதம். சின்னக் கார்கள் எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடித்ததைச் சண்டி ஒற்றையாளாகக் குடித்துத் தீர்த்தது. மேலிடம் அண்ணனைக் கூப்பிட்டு ஒரே வாய்ப்பு கொடுத்தது. வண்டியைத் திருத்தி, அரசு சோதனையில் சொன்ன எண்ணுக்குள் கொண்டு வந்தால் சண்டி பிழைக்கும். இல்லையென்றால் கொட்டகைக்குப் பூட்டு.

அந்த வருடம் முழுக்க அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அண்ணி வந்து, "சோறு உங்களைப் பார்க்குது, நீங்க சோத்தைப் பார்க்கறீங்க. யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க" என்பாள். அவர் சிரிப்பதுபோல் வாயை அசைப்பார். விடியற்காலையில் கீழே அவர் நடக்கும் செருப்புச் சத்தம் மாடிக்குக் கேட்கும். எஞ்சினைக் கொஞ்சம் சின்னதாக்கினார். சிக்னல் விளக்கில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து, கிளட்சை மிதித்தால் தானே கிளம்பும்படி செய்தார். எடையைக் குறைத்தார். ஒவ்வொன்றைச் செய்யும்போதும் தன் கையாலேயே தன் விரலை நறுக்கிக்கொள்வதுபோல் முகம் சுருங்கும்.

சோதனைக்கு வண்டி வரப்போவது அவள் கூடத்துக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி வண்டியும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஆனால் அந்த வாரத்துப் பலகையில் அந்த வண்டிக்கு நேரே தன் பெயரைப் பார்த்தபோது அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

அண்ணன் தங்கை என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. பேசாமல் ஓட்டிவிட்டுப் போகலாம். கோட்டுக்குள்ளே ஓட்டுவதில் என்ன தப்பு? அப்படி நினைத்துக்கொண்டே கை கழுவினாள். குழாயை மூட மறந்துவிட்டாள். நாளைக்கு எவனாவது கண்டுபிடித்தால், அவள் ஓட்டிய எண் மட்டுமல்ல, அண்ணன் உழைத்த உழைப்பும் சேர்ந்து நாறிப்போகும். அந்த எண்ணம் வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. நேராக மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த வண்டியை நான் ஓட்டக் கூடாது."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"அதைச் செஞ்சது எங்க அண்ணன். கூடப் பொறந்தவர்."

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இப்பவாவது சொன்னியே. சரி, சுத்தியல் ஓட்டட்டும். நீ அந்தப் பக்கமே போகாதே."

அன்று சாயங்காலம் படியில் ஏறும்போது அண்ணன் வாசலில் நின்றார். அவருக்கு எப்படியோ செய்தி போயிருந்தது.

"யாரு உன்னைக் கேட்டா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கேக்கலை அண்ணா. நானாத்தான் சொன்னேன்."

"ஓட்டப்போறது யாரு தெரியுமா? நீயே சொல்லியிருக்கே, அவரு மிதிச்சா பெட்ரோல் தனியாப் பொங்கும்னு. நான் தூள் தூளா மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன் பாப்பா. அவரு காலு அதை ஒரே மிதியில கொட்டிடும்."

"நான் ஓட்டி, அப்புறம் தெரிஞ்சா..."

"எப்படித் தெரியும்? நீ சொல்லாம எப்படித் தெரியும்?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில் அந்தக் கதவைப் படுக்கும் நேரத்துக்கு முன்னால் யாரும் சாத்தியதே இல்லை. சிறிது நேரம் கழித்து அண்ணி மட்டும் சாப்பாட்டைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "அவரு பேச்சை மனசுல வச்சுக்காதே" என்றாள். பிறகு தாங்காமல், "ஆனா ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

சோதனை நாளன்று அவளுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள், இரண்டு அறை தள்ளி. ஆனாலும் சுவரைத் தாண்டிச் சண்டியின் குரல் வந்தது. ஆறு சிலிண்டரின் அந்த அடித்தொண்டைக் குரல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்போலப் பழக்கம். சுத்தியலின் கால் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 'விடு, விடு, இன்னும் கொஞ்சம் முன்னாடியே விடு' என்று அவள் வலதுகால் தரையில் தானாக அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்தாள்.

எண் வந்தது. வரம்புக்கு ஒரு மயிரிழை மேலே.

இவ்வளவு சின்ன மீறலென்றால் உடனே தோல்வி என்று சொல்லிவிடுவதில்லை. இன்னும் இரண்டு ஓட்டம் ஓட்டி, மூன்றின் சராசரியைப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு உயிர் போகவும் இல்லை, வரவும் இல்லை. வீட்டில் அண்ணி பாத்திரம் வைக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் காலை சுத்தியல் போன் செய்தார். குனிந்து சாக்ஸ் போட்டபோது இடுப்பு பிடித்துக்கொண்டதாம். நிமிர முடியவில்லை. "சங்கிலி போட்டுக் கட்டின வண்டி மாதிரி படுத்திருக்கேன்" என்றார். உரிமம் உள்ள மூன்றாவது ஓட்டுநர் வெளியூரில் பயிற்சியில் இருந்தார். வண்டியோ ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் அறையில் சோதனை விதிப்படி இரவெல்லாம் கிடந்து தயாராக நின்றது. அன்று ஓட்டாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு நாள் கிடையாது. மேலிடம் கொடுத்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது.

மேலாளர் அம்மா அரசு அதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அதிகாரி ஒல்லியான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உறவுன்னு நீங்களேதான் சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப ஓட்டுங்க. எனக்கு உறவு முக்கியமில்ல, கோடுதான் முக்கியம். ஆனா முழு ஓட்டத்தையும் நொடி நொடியாப் பார்ப்பேன்."

அவள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் உள்ளங்கை வேர்த்தது. அது அவளுக்குப் புதிது. எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறாள், வேர்த்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி, மேலாளர் அம்மா, இன்னும் இரண்டு பேர். எல்லோருடைய கண்ணும் தன் முழங்காலில் இருப்பதுபோல் இருந்தது. நன்றாக ஓட்டினால் அண்ணனுக்காக ஓட்டினாள் என்பார்கள். பயந்துகொண்டு மோசமாக ஓட்டினால் அது அண்ணனுக்குச் செய்யும் துரோகம். எப்போதும் ஓட்டுவது மாதிரி ஓட்டுவது என்றால் என்ன? அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்து ஓட்டியதில்லையே. நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்கி விழுவோமே, அப்படி ஆகிவிடுமோ?

திரையில் கோடு கிளம்பியது. அவளும் கிளம்பினாள்.

முதல் மேட்டில் கால் கொஞ்சம் நடுங்கியது. புள்ளி மேல்கோட்டின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மூச்சை இழுத்து விட்டாள். இரண்டாவது மேட்டில் சரியானது. வண்டி நின்றது, எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில் காற்றாடி மட்டும் இரைந்தது. கிளட்சை மிதித்தாள். எஞ்சின் கிளம்பியது. மறுபடி நின்றது, கிளம்பியது. ஓட்டம் பாதியைத் தாண்டியபோது ஒரு தடவை கிளட்சை மிதித்தும் எஞ்சின் கிளம்பவில்லை. சண்டி தன் பெயரைக் காப்பாற்றியது. திரையில் கோடு மேலே ஏறத் தொடங்கிவிட்டது. புள்ளி கீழேயே கிடந்தது. கீழ்க்கோடு புள்ளியை நெருங்கி வந்தது. கிளட்சை முழுக்க விட்டு மறுபடி மிதித்தாள். எஞ்சின் உறுமியது. அந்த இடத்தில் யாருடைய காலும் பதறி ஓங்கி மிதித்திருக்கும். அவள் மிதிக்கவில்லை. புள்ளியைக் கீழ்க்கோட்டின் மேலேயே உரசவிட்டு, மெல்ல, மிக மெல்ல நடுவுக்குக் கொண்டு வந்தாள்.

ஓட்டம் முடிந்து இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் மூன்றாவது ஓட்டமும் அவளே. அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமலிருந்ததே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு தடவை எஞ்சின் அணையும்போதும் இனி கிளம்பாது என்றே நினைத்தாள்.

அதிகாரி சொன்னபடியே செய்தார். பைகளின் கணக்கு வந்த பிறகும் எண்ணைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ஓட்டங்களின் கோடுகளையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடைபாதையில் பெஞ்சு ஒன்று இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எஞ்சின் கிளம்பாத அந்த ஒரு இடத்தில் தவறு கண்டுபிடித்துவிட்டார் என்றே முடிவுகட்டிவிட்டாள். அண்ணனிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "உள்ள வாங்க" என்றார் அதிகாரி.

மேலாளர் அம்மாவும் அங்கே இருந்தார். திரையில் பல கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"இது நீங்க இந்த வண்டியை ஓட்டினது. மத்ததெல்லாம் நீங்க இந்த வருஷம் மத்த கம்பெனி வண்டிகளை ஓட்டினது. வித்தியாசம் தேடிப் பார்த்தேன். எஞ்சின் கிளம்பாத அந்த ஒரு இடத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. அங்கயும் கோட்டுக்குள்ளதான் இருக்கீங்க." அவர் திரையை அணைத்தார். "சராசரி வரம்புக்குள்ள வருது. வண்டி பாஸ்."

அவள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. சாத்திக் கிடந்த கதவு விரியத் திறந்திருந்தது. அண்ணன் வெளியே ஓடி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என்னவோ சொல்ல வந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி பின்னாலிருந்து, "இப்பத்தான் இந்த வீட்டுல ஒருத்தருக்குச் சாப்பாடு ஞாபகம் வந்திருக்கு" என்றாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கம்பெனி புதுச் சண்டியைக் குழுக்காரர்களுக்கு முதலில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. பல் டாக்டர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கினார். அண்ணன் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல வண்டிதான். ஆனா இது சண்டி இல்ல சார். சிக்னல்ல நின்னா செத்துப் போகுது. மிதிச்சா ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, 'போகணுமா'ன்னு கேக்குது. இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம்?"

"விதி அப்படி. வேற வழியில்ல" என்றார் அண்ணன்.

"புரியுது. புரியறது வேற, பிடிக்கறது வேற இல்லையா?"

குழுவில் புது வண்டிக்குப் பதிந்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். பழைய சண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். அதே சமயம் மேலிடத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. வரம்பு அடுத்த வருடம் இன்னும் இறங்குகிறது. மறுபடியும் சண்டியைத் திருத்திக்கொண்டிருக்க ஒரு பிரிவு தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். விதிக்குள் கொண்டு வந்ததால் வாங்குபவன் போய்விட்டான். கொண்டு வராவிட்டால் வண்டியே போயிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் அவள் துணி உலர்த்தப் போனாலும் காது கீழேயே இருந்தது. அண்ணி அடிக்கடி ஏதாவது சாக்கு வைத்து அவர் இருக்கும் அறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் மாடி ஏறி வந்தார். முகம் மழித்திருந்தார்.

"பாப்பா, கிளம்பு. ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்க அண்ணா?"

"சோதனை பண்ணின வண்டியை விக்க முடியாது. நசுக்கித்தான் போடணும். திங்கக்கிழமை எடுத்துட்டுப் போறாங்க. இன்னிக்கு ஒரு நாள் ஓட்டப்பாதையில ஓட்டிக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

கம்பெனி ஓட்டப்பாதை நகரத்துக்கு வெளியே, புல் மண்டிய வேலிக்குள் வட்டமாகக் கிடந்தது. வண்டி தனியாக நின்றது. அவர் சாவியை அவளிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க அண்ணா. உங்க வண்டி."

"நான் நிறைய ஓட்டியாச்சு. நீதான் இதை எவ்வளவோ தூரம் ஓட்டியும் ஒரு இடத்துக்கும் போகல."

அவள் உட்கார்ந்தாள். எதிரே காற்றாடி இல்லை, திரை இல்லை; கறுப்புச் சாலை மட்டும். பழக்கத்தில் கால் பஞ்சுபோல் இறங்கியது. வண்டி நல்ல பிள்ளையாக ஊர்ந்தது. ஒரு சுற்று அப்படியே போனாள். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாவது சுற்றில் நேர்பாதை வந்தபோது அவளுக்குத் திடீரென்று அழுகை முட்டியது. இந்த வருடம் முழுக்க அடக்கி வைத்த பயம் எல்லாம் சேர்ந்து வலதுகாலுக்கு இறங்கியதுபோல் இருந்தது. ஓங்கி மிதித்தாள்.

சண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு எகிறியது. முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. வேலிக் கம்பிகள் ஒன்றாகக் கலந்து ஓடின.

"ஏய்! மெதுவா! மெதுவாப் போடி!" அண்ணன் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். "வளைவு வருது! பாப்பா, வளைவு!"

வேகத்தைக் குறைத்து வளைவில் திருப்பினாள். வளைவு முடிந்ததும் மறுபடி மிதித்தாள். அவர் கத்துவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவில் எப்போதோ அழுகையாக மாறிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் முள் சிவப்புக்கு வரும்வரை ஓட்டினாள்.

காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். அண்ணி வாசலிலேயே காத்திருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் நாத்தனா என்னைக் கொல்லப் பார்த்தா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உள்ளே போனார். சோபாவில் சாய்ந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவரைப் பேட்டரி வண்டிப் பிரிவுல போடறோம்னு கம்பெனியில சொல்லியிருக்காங்களாம். இவருக்கு அதுல ஒண்ணும் தெரியாதே. வச்சுக்குவாங்களா?"

"தெரியல அண்ணி."

"இவரு போவாரா?"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவர் புரண்டு படுத்தார். ஷூவின் மண் சோபா உறையில் உதிர்ந்தது.

"தூங்கி எழட்டும்" என்றாள். "அப்புறம் கேக்கலாம்."